குவில்டிங் சாமான்: எதை வாங்கலாம், எதை விடலாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குவில்டிங் பற்றியவை. துணித் துண்டுகளைச் சேர்த்து மேல் துணியாக்கி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி என்று மூன்று அடுக்காகத் தைப்பதுதான் குவில்டிங். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: மாடர்ன் குவில்டிங் ஆரம்பிக்க ஆசை. வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. முதலில் என்னென்ன வாங்க வேண்டும்? – வாசகி, ஈரோடு

பதில்: மூன்று பொருள். ரோட்டரி கட்டர் (வட்ட பிளேடு உருண்டுகொண்டே வெட்டும் கருவி), அதற்கு அடியில் வைக்கும் மேட், அக்ரிலிக் ரூலர். கத்தரி, குண்டூசி, தையல் பிரிக்கும் ரிப்பர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் மிஷின் இருக்கிற வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அவற்றுக்குக் 'குவில்டிங் ஸ்பெஷல்' என்று தனி விலை கொடுக்காதீர்கள்.

கட்டரில் 45 மி.மீ. பிளேடு போதும். 28 மி.மீ. சின்ன வளைவுகளுக்கு, 60 மி.மீ. பல மடிப்பாக அடுக்கிய துணிக்கு. 45க்குத்தான் மாற்று பிளேடு தாராளமாகக் கிடைக்கும். ரூலர் 6க்கு 24 அங்குலம். 44 பன்னா துணியை, அதாவது 44 அங்குல அகலத் துணியை, கரையோடு கரை சேர்த்து மடித்தால் 22 அங்குலம் வரும். அதை ஒரே இழுப்பில் வெட்ட 24 அங்குல ரூலர் வேண்டும். 12 அங்குல ரூலரைப் பாதியில் நகர்த்தி வெட்டினால் பட்டை அந்த இடத்தில் கோணிக்கொள்ளும். மேட் 18க்கு 24 அங்குலம். கடையில் ஏ2 என்று கேளுங்கள்.

ரூலரின் கனத்தைத் தொட்டுப் பாருங்கள். 3 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. மெல்லிசாக இருந்தால் பிளேடு அதன் மேல் ஏறிவிடும், அந்தப் பக்கம் இருப்பது உங்கள் விரல். வீட்டுக்கு வந்ததும் ரூலரை மேட்டின் அங்குலக் கோடுகள் மேல் வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். விலகினால் இரண்டையும் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு ஒப்பிட்டு, தப்பானதைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டும் சரியாக இருந்தாலும் அளப்பது ரூலரால்தான். மேட்டின் கோடுகள் துணியை நேராக விரிக்க மட்டுமே. வெட்டி வெட்டி அவை தேய்ந்துபோகும்.

கேள்வி: கத்தரியாலேயே வெட்ட முடியாதா? கட்டர் கட்டாயமா? – கும்பகோணம்

பதில்: முடியும். ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்ததே 1979இல்தான். அதற்கு முந்தைய குவில்ட் எல்லாம் கத்தரி வெட்டு. அட்டையில் அச்சு செய்து, பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு துண்டாக வெட்டப் பொறுமை இருந்தால் கட்டர் காசும் மேட் காசும் மிச்சம்.

கேள்வி: ஆன்லைனில் 42 பொருட்கள் அடங்கிய 'குவில்டிங் ஸ்டார்ட்டர் கிட்' 1,899 ரூபாய்க்கு வருகிறது. தனித்தனியாக வாங்குவதைவிட லாபம்தானே? – கோவை

பதில்: அந்த 42இல் கிளிப் எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? இருபது கிளிப்பை இருபது பொருள் என்று எண்ணுவார்கள். குண்டூசி டப்பா ஒன்று, சாக்குக்கட்டி நான்கு, விரலுறை ஒன்று, இஞ்ச் டேப் ஒன்று, கத்தரி என்ற பெயரில் ஒன்று. இவற்றையும் இதுபோன்ற சில்லறைகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரியும்.

கழித்தபின் நிற்பவை அதே மூன்று பொருள்தான், மூன்றிலும்தான் கை வைத்திருப்பார்கள். மேட் ஏ4 அளவில் இருக்கும், நோட்டுப் புத்தகத்தை விரித்த அகலம்கூட இருக்காது. அதில் 44 பன்னா துணியை எங்கே விரிப்பீர்கள்? கட்டர் 28 மி.மீ.; இரண்டு மடிப்புத் துணிக்கே தோளில் இருந்து அழுத்த வேண்டிவரும். ரூலர் பெரும்பாலும் செ.மீ. மட்டும் போட்டது. இதுதான் மோசமான ஏமாற்று. குவில்டிங் டிசைன்களில் மிகுதியானவை அங்குலக் கணக்கில் இருப்பவை, அவற்றில் தையல் ஓரம், அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் நடுவே விடும் இடம், கால் அங்குலம். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. செ.மீ. ரூலரில் அந்த அளவுக்குக் கோடே கிடையாது. ஆறு என்பீர்களா, ஆறரை என்பீர்களா? இரண்டுமே தப்பு, தப்பு ஒவ்வொரு துண்டிலும் கூடிக்கொண்டே போகும். குவில்டிங் பழகத் தொடங்கியவர், ஓரங்கள் சேராததைப் பார்த்து 'எனக்குக் கை வரவில்லை' என்று மூட்டை கட்டிவிடுகிறார். கையில் குறை இல்லை, கிட்டில் குறை.

அளவு முக்கியமான பொருளுக்கு அளவைச் சொல்லியாக வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. மேட் எத்தனை செ.மீ. என்று போடாமல், ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாகக் காட்டும் விற்பனையாளரை அங்கேயே விட்டுவிடுங்கள். என் மேஜை இழுப்பறையிலும் இப்படியொரு கிட்டின் மிச்சம் கிடக்கிறது. அதன் கத்தரி பார்சல் பிரிக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஏ2 மேட் ஆர்டர் செய்தேன். சுருட்டிக் குழாயில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். மெத்தைக்கு அடியில் ஒரு வாரம் வைத்தும் நடுவில் மேடாகவே இருக்கிறது. 'பெட்டி திறக்கும்போது எடுத்த வீடியோ இல்லை, திரும்ப எடுக்க முடியாது' என்கிறார்கள். – நாகர்கோவில்

பதில்: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. வெட்டுத் தடம் தானே மூடிக்கொள்ளும் இந்த வகை மேட் பல அடுக்குப் பிளாஸ்டிக். தட்டையாகத்தான் அனுப்ப வேண்டும். சுருட்டியதை இனி நம்ப வேண்டாம். மேடான இடத்தில் ரூலர் ஆடும், பிளேடு துணியின் மேலே மட்டும் ஓடி அடியிலுள்ள மடிப்பை விட்டுவிடும்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 தெளிவாக இருக்கின்றன. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கவும் கூடாது. பெட்டி திறக்கும் வீடியோ பற்றி அந்த விதிகளில் ஒரு வார்த்தை இல்லை.

மேட்டைத் தரையில் வைத்து, அதன் குறுக்கே ரூலரை நிறுத்தி, அடியில் தெரியும் இடைவெளி விழும்படி படம் எடுங்கள். வந்த குழாயையும் அதிலுள்ள லேபிளையும் படம் எடுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள், சாட்டில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். விடாதீர்கள்.

கேள்வி: மேட் மேலேயே துணியை வைத்து இஸ்திரி போட்டேன். அலை அலையாகிவிட்டது. வாரண்டி கிடைக்குமா? – சேலம்

பதில்: கிடைக்காது. அடுத்த மேட்டை வெயிலில் நிற்கும் காரிலும் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ரூலர் சரி, வெட்டும் சரி. 2½ அங்குலக் கட்டம் பத்தைச் சேர்த்தால் வரிசை 20½ அங்குலம் வர வேண்டும். 19⅜ தான் வருகிறது. புது மிஷின் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது? – மதுரை

பதில்: எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதிய கணக்கிலேயே பதில் இருக்கிறது. பத்துக் கட்டம் 25 அங்குலம். அதற்கு ஒன்பது தையல், ஒவ்வொன்றும் இரண்டு பக்க ஓரமாக அரை அங்குலம் தின்றால் மிச்சம் 20½. குறைவது ஒன்றே அரைக்கால் அங்குலம். ஆக, தையல் ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகத் தின்கிறது. நீங்கள் தைப்பது கால் அங்குலம் அல்ல, அதைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அகலமான ஓரம்.

1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டித் தையுங்கள். ஓரங்களை ஒரே பக்கம் சாய்த்து அழுத்துங்கள். இஸ்திரியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், தேய்த்தால் துணி இழுபடும். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் வர வேண்டும். குறைந்தால் ஓரம் அதிகம், கூடினால் ஓரம் போதவில்லை. சரிசெய்ய மாஸ்கிங் டேப் போதும். ரூலரின் கால் அங்குலக் கோட்டுக்கு நேரே ஊசியை இறக்கி, ரூலரின் விளிம்பை ஒட்டி மிஷின் தட்டில் டேப்பை ஒட்டுங்கள். துணி விளிம்பு டேப்பை உரசிக்கொண்டே போகட்டும். கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை அளவு குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. துணி மடிகிற இடமும் கொஞ்சம் அளவைத் தின்னும். இது அலுத்துப்போனால் கால் அங்குல ஓரத்துக்கென்றே வரும் ஃபுட் (மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தையல் சாமான் கடையில் 14 நம்பர் ஊசி கேட்டு வாங்கினேன். மிஷினில் நிற்கவே இல்லை. – தூத்துக்குடி

பதில்: பவர் மிஷின் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள். அதன் தலை முழு உருண்டை, வீட்டு மிஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை. மாற்றும்போது 11 நம்பரும் ஒரு பாக்கெட் வாங்குங்கள்: துண்டு சேர்க்க 11, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 14.

கேள்வி: 'எல்லா மிஷினுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த வாக்கிங் ஃபுட் என் மிஷினில் உட்காரவில்லை. அது எனக்குத் தேவைதானா? – சென்னை

பதில்: தேவைதான். மூன்று அடுக்கு தைக்கும்போது கீழ்த் துணியை மிஷினின் பல் இழுத்துக்கொண்டு போகும், மேல் துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். வாக்கிங் ஃபுட்டுக்கு மேலேயும் பல் உண்டு. நேர்க்கோட்டுத் தையலே அழகு என்று நினைக்கும் மாடர்ன் குவில்டிங்கில் அது இல்லாமல் சிரமம்.

எல்லா மிஷினுக்கும் பொருந்துவது என்று ஒன்று கிடையாது. ஃபுட்டை இறக்கி வைத்து, அதைப் பிடிக்கும் திருகின் நடுவிலிருந்து ஊசித் தகடு வரை அளந்து பாருங்கள். முக்கால் அங்குலம் வந்தால் லோ ஷாங்க், ஒன்றேகால் வந்தால் ஹை ஷாங்க். அந்தப் பெயர் சொல்லி வாங்குங்கள். மாட்டும்போது பக்கவாட்டில் இருக்கும் கவட்டைக் கை, ஊசியைப் பிடிக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். அது கீழே தொங்கினால் மேல்பல் அசையாது. பலர் 'டூப்ளிகேட்' என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். உங்களுடையது உண்மையிலேயே பொருந்தாவிட்டால் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள், நாகர்கோவில் வாசகருக்குச் சொன்ன வழி உங்களுக்கும்.

கேள்வி: வெளிநாட்டு குவில்டிங் துணி கட்டுப்படியாகவில்லை. மேட்சிங் சென்டரில் பிளைன் துணி வாங்கினால் ஆகுமா? – திருச்சி

பதில்: தாராளமாக. மாடர்ன் குவில்டிங்குக்கு உயிரே பிளைன் துணியும் வெற்றிடமும்தான். 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் மாடர்ன் குவில்ட் கில்ட் என்ற சங்கத்தைத் தொடங்கியவர்கள் பரப்பிய பாணியும் அதுதான்: பூப்போட்ட துணி குறைவு, வெள்ளையும் சாம்பலும் நிறைய. நூறு நிறத்தில் பிளைன் துணி அடுக்கியிருக்கும் கடை நம் தெருவிலேயே இருக்கிறது.

ஆனால் பிளவுஸ் லைனிங்குக்கு எடுக்கும் டூ பை டூவை எடுக்காதீர்கள். மெல்லிசு, உள்ளே மடித்த ஓரம் வெளியே நிழலடிக்கும். பாப்ளின் அல்லது கேம்ப்ரிக் கேளுங்கள். 'சுத்தக் காட்டன்' என்று கடைக்காரர் சொன்னால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பேப்பர் வாசம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் காட்டன், உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர் கலப்பு. கலப்புத் துணியில் இஸ்திரி மடிப்பு நிற்காது. பன்னா 36ஆ 44ஆ என்று கேட்காமல் மீட்டர் கணக்குச் சொல்லாதீர்கள். சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியவே இல்லையென்றால் வெள்ளைக்குப் பக்கத்தில் அதைத் தைக்காதீர்கள்.

கேள்வி: 40 பட்டை கொண்ட ஜெல்லி ரோல் (ஒரே அகலத்தில் வெட்டிச் சுருட்டி விற்கும் துணிப் பட்டைகள்) இறக்குமதி செய்யலாமா? – திருப்பூர்

பதில்: திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா! 2½ அங்குலப் பட்டை 40 என்பது மொத்தமே இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான துணி. ஒரு மீட்டரில் 15 பட்டை வெட்டலாம். எட்டு நிறத்தில் அரை மீட்டர் வாங்கினால் 56 பட்டை.

கேள்வி: உள்ளே வைக்க இலவம்பஞ்சு வீட்டிலேயே இருக்கிறது. – தேனி

பதில்: தலையணைக்கு வையுங்கள். அதன் இழை வழுக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. துவைத்தால் மூலைக்கு மூலை திரளும். உள்ளே வைப்பதற்கென்றே விரிப்பாக வரும் வாடிங்கில், மெல்லிய பாலியெஸ்டரோ காட்டனோ மீட்டரில் வாங்குங்கள். காட்டன் முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும். நம் ஊர் வெக்கைக்குப் பழைய காட்டன் பெட்ஷீட் ஒன்றே போதும். எதை வைத்தாலும் மூன்று அடுக்கையும் நான்கு அங்குலத்துக்கு ஒரு ஊக்காவது குத்திவிட்டுத் தையுங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, கட்டர் பிளேடு விட்டுவிட்டு வெட்டுகிறது. போலி பிளேடை விற்றுவிட்டார்களா? – வேலூர்

பதில்: விட்ட இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 45 மி.மீ. பிளேடு ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 14 செ.மீ. ஓடும். ஒவ்வொரு 14 செ.மீ.க்கும் ஒரு முறை விடுகிறது என்றால் பிளேடில் ஒரு பல் விழுந்திருக்கிறது. குண்டூசி மேல் ஓட்டியிருப்பீர்கள், அதற்குக் கடைக்காரர் என்ன செய்வார்? எங்கே பார்த்தாலும் விட்டால் மழுங்கிவிட்டது. மேட்டில் ஒரே இடத்தில் மட்டும் விட்டால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, மேட்டைத் திருப்பிப் போட்டு வெட்டுங்கள். பிளேடு சுற்றாமல் இழுபட்டால் பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். மாற்றிய பழைய பிளேடைத் தடித்த அட்டைக்குள் வைத்து டேப் ஒட்டியபின் குப்பையில் போடுங்கள்.