கரும்பு ஊருக்கு ஜூலையில் போகலாமா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கரும்பு இருக்கிறது. மகள் பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். ஜூலையில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். பக்கத்துத் தீவான நீக்ரோஸில்தான் அந்த நாட்டுச் சர்க்கரையில் பெரும்பங்கு விளைகிறது என்றாள். அங்கே சிலாய் என்ற ஊரில் மூன்று நாள் தங்கி வெட்டு, ஆலை, ஊர் எல்லாம் பார்க்க முடியுமா? மனைவி சுத்த சைவம்.

பதில்: ஊரைப் பார்க்கலாம். வெட்டையும் அரவையையும் ஜூலையில் பார்க்க முடியாது. அங்கே ஆலைகள் அக்டோபர் வாக்கில் ஓடத் தொடங்கி மே வரை ஓடும். நீங்கள் போகும் மாதத்தில் எந்திரங்களைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வயலில் கரும்பு பச்சையாக நிற்கும், அவ்வளவுதான். இந்த மாதங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'தியெம்போ முயெர்தோ'. ஸ்பானிய மொழியில் செத்த காலம் என்று பொருள். வெட்டுக் கூலியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அது வெறும் பெயர் இல்லை. கடையில் கடன் ஏறுகிற மாதங்கள் அவை.

தேதியை மாற்ற முடியும் என்றால் நவம்பர் முதல் வாரத்துக்கோ ஜனவரிக்கோ தள்ளிப் போடுங்கள். ஜனவரியில் மழை விட்டிருக்கும், அரவை மும்முரமாக நடக்கும். நான் போனது அப்படி ஒரு ஜனவரியில்தான். நெடுஞ்சாலையில் லாரிகள் கரும்பை இரண்டு பக்கமும் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு போகும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது நாலைந்து கழிகள் சாலையில் உதிரும். வெட்டுக் கத்திக்கு அங்கே 'எஸ்பாதிங்' என்று பெயர். அகலமான தகடு, நுனியில் சோகை உரிக்கச் சின்னக் கொக்கி. நட வைக்கும் கரணை அங்கே 'பத்தான்'. இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் போதும், எந்த வயல் வரப்பிலும் ஆட்கள் உங்களோடு பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

நவம்பர் என்று சொன்னதற்கு வேறு காரணம் உண்டு. 1898 நவம்பர் 5 அன்று ஸ்பானியருக்கு எதிரான நீக்ரோஸ் எழுச்சி தொடங்கிய ஊர்களில் சிலாயும் ஒன்று. மறுநாள் மாகாணத் தலைநகர் பக்கோலோடின் முனையில் கிளர்ச்சிக்காரர்கள் மூங்கில் பாயைச் சுருட்டிக் கறுப்படித்துப் பீரங்கி என்று நிறுத்தினார்கள். தென்னையினத்து நீப்பா மட்டையைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். தூரத்தில் நின்று பார்த்த ஸ்பானியப் படை சரணடைந்தது. மாகாணத்தில் இன்றும் நவம்பர் 5 விடுமுறை. சிலாயில் ஒரு தெருவுக்கே 'சிங்கோ தே நோவியெம்ப்ரே' என்றுதான் பெயர்.

இடத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்ரோஸ் தீவின் நடுவில் வடக்கு தெற்காக மலைத்தொடர். கிழக்குச் சரிவில் செபுவானோ பேசுவார்கள், உங்கள் மகளுக்கு அது காதில் விழுந்து பழகியிருக்கும். மேற்குச் சமவெளியில் ஹிலிகாய்னோன். எரிமலைச் சாம்பல் கலந்த மண், மலையிலிருந்து கடல்வரை தட்டையாக இறங்கும் நிலம், எதிரே பனாய் தீவில் இலொய்லோ துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மேற்குக் கரையில் கரும்பு பரவ இந்த மூன்றும் போதும். நார்மண்டியிலிருந்து வந்த ஈவ் ஜெர்மேன் காஸ்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் சிலாய்ப் பகுதியில் 1840-களிலேயே கரும்பு நட்டார். 1856-இல் இலொய்லோவுக்கு வந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் நிக்கோலஸ் லோனி இரும்பு எந்திரங்களைத் தவணைக்குக் கொடுத்து அதைப் பெரிய தொழிலாக்கினார்.

செபுவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விமான நிலையம் இருப்பது சிலாயில்தான், 2008-இல் திறந்தது. ஆனால் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பக்கோலோடுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஒருவழியாவது தரைவழியாக வாருங்கள். செபு தீவின் தொலேதோவில் படகு ஏறிச் சான் கார்லோஸில் இறங்கி, சால்வதோர் பெனெதிக்தோ மலைப்பாதையில் பஸ். மேலே பைன் மரமும் குளிரும். இறங்க இறங்கக் கரும்பு தொடங்கும். தீவின் அமைப்பு அரை நாளில் கண்ணுக்குள் ஏறிவிடும். தெற்கே கான்லாவோன் எரிமலை 2024-இலும் 2025-இலும் வெடித்திருக்கிறது. சிலாய் அதற்கு வடக்கே தள்ளி இருந்தாலும், கிளம்பும் முன் எச்சரிக்கை நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா பற்றி ஒரு வரி: 2025 ஜூன் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம், ஆனால் அதை நீட்டிக்க முடியாது. உங்கள் மொத்தப் பயணத்தையும் அதற்குள் கணக்குப் பண்ணுங்கள்.

இனி உங்களுக்கென்று ஒரு செய்தி. நாம் கரும்பை டன் கணக்கில் ஆலைக்கு விற்றுவிட்டு நிலுவைக்குக் காத்திருக்கிறோம். அங்கே விவசாயி பெரும்பாலும் கரும்பை விற்பதில்லை. அவருடைய கரும்பிலிருந்து வந்த சர்க்கரையைக் கணக்கிட்டு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, மீதி அரவைக் கூலியாக ஆலைக்கு. பங்குக்கு ஈடாக 'கேடான்' என்ற கிடங்குச் சீட்டு கொடுப்பார்கள். கணக்கு 50 கிலோ மூட்டையில். வியாபாரிகள் ஏலம் கேட்பார்கள், விலை பிடித்தால் சீட்டைக் கொடுக்கலாம். கேட்க இனிக்கும். ஆனால் விலை விழுந்தால் அடி நேராக விவசாயி தலையில், அங்கிருந்து கூலிக்காரர் வயிற்றில். அமெரிக்கச் சந்தையில் சலுகை தந்த ஒப்பந்தம் 1974-இல் முடிந்து, 80-களில் உலக விலையும் சரிந்தபோது இந்த மாகாணத்தில் குழந்தைகள் பட்டினியில் வாடினார்கள். பக்கோலோடின் சிரிக்கும் முகமூடித் திருவிழாவான மாஸ்காரா 1980-இல் அந்த இருட்டில்தான் பிறந்தது. அக்டோபரில் போகிறவர்கள் அதை வெறும் ஆட்டமாக நினைத்துத் திரும்புகிறார்கள்.

ஊருக்குள் 30-க்கும் மேற்பட்ட பழைய மாளிகைகள் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், இரண்டு போதும். காஸ்தோனின் மகன் விக்தோர் கட்டிய 'பலாய் நெக்ரென்சே' ஒன்று. ஜன்னல் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் காப்பிஸ் என்ற சிப்பி ஓடு, உள்ளங்கை அளவுச் சதுரங்களாக. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே பால் நிற வெளிச்சம். கீழே சின்னக் கதவுகளைத் திறந்தால் தரையோடு காற்று வரும். இன்னொன்று 1908-இல் கட்டிய இளஞ்சிவப்பு ஹலாந்தோனி வீடு. உட்கூரைக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து கொண்டுவந்த பூவேலைத் தகடு அடித்திருக்கிறார்கள். சர்க்கரை போன கப்பலின் எதிர்த்திசையில் வந்தது இது. என்னைக் கேட்டால், அந்த வீட்டில் தலையை நிமிர்த்திக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள்.

சிலாயிலேயே 1918-இல் தொடங்கிய ஹவாயன்-பிலிப்பைன் ஆலை இருக்கிறது. கரும்பு இழுத்த அதன் நீராவி எஞ்சின்களுக்காகவே வெளிநாட்டு ரயில் பித்தர்கள் வந்தார்கள். எந்த ஆலையானாலும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். கரும்பு விவசாயி என்று எழுதுங்கள், சுற்றுலாப் பயணி என்று எழுதாதீர்கள்.

பக்கத்து ஊர் விக்டோரியாஸில், ஆலை வளாகத்துக்குள் ஒரு தேவாலயம். பலிபீடத்துக்குப் பின்சுவர் முழுக்க ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை அல்ஃபோன்சோ ஒசோரியோ 1950-இல் வரைந்த ஓவியம். விழித்த கண், எரியும் இதயம், பின்னாலிருந்து நீளும் பெரிய இரு கைகள். கோபக்கார ஏசு என்றே ஊர் சொல்கிறது. தலிசாயில் கரும்புக்கு நடுவே நிற்கும் 'தி ரூயின்ஸ்' சிதைவு மாளிகைக்கு மாலையில் போங்கள். போரின்போது ஜப்பானியருக்குப் பயன்படக்கூடாது என்று கொரில்லாப் படையினரே தீ வைத்த வீடு.

தங்குவது சிலாயில் ஒரு இரவு போதும், மற்றவை பக்கோலோடில். வடக்கே போகும் எந்த பஸ்ஸும் சிலாய் வழியாகத்தான் போகும்.

சாப்பாடுதான் உங்கள் மனைவிக்குச் சிக்கல். நம் துவரையும் பலாக்காயும் போட்டு ஒரு அருமையான குழம்பு வைப்பார்கள், கூடவே பன்றியையும் போட்டுவிடுவார்கள். பூசணி, வெண்டை, கத்தரி சேர்த்த 'லாஸ்வா' காய்க்கஞ்சி மாதிரி இருக்கும். அதில் இறால் விழும். 'வாலா சாங் கார்னே, வாலா சாங் இஸ்தா' என்று சொல்லச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். இறாலைத் தனியாகச் சொல்லுங்கள், அதை அவர்கள் இரண்டிலும் சேர்ப்பதில்லை. தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாகப் பலகாரம் விற்கும் பெண்களுக்கு 'மனுக்லிபோத்' என்று பெயர். ஒருகாலத்தில் பண்ணையார் வீட்டுச் சூதாட்ட மேசைகளுக்குத் தின்பண்டம் கொண்டுபோனவர்கள். அவர்களிடம் 'பியாயா' கேளுங்கள். நம் போளிதான், உள்ளே பூரணத்துக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. மாவில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுச் சுடச்சுட வாங்குங்கள். ஆறினால் பாகு இறுகிப் பல்லில் ஒட்டும்.