ஆடிப்பெருக்கன்று திறக்காத புத்தகம்

கேள்வி: அப்பாவுக்கு ‘பொன்னியின் செல்வன்’ என்றால் உயிர். அதில் சதி செய்கிற நந்தினியை நாயகியாகவும், சோழ இளவரசி குந்தவையைச் சூழ்ச்சிக்காரியாகவும் காட்டும் புது நாவல் ஒன்றை வாங்கி வந்தேன். கதையைச் சொன்னதுமே, “கல்கி எழுதினதைக் கெடுக்கிறான்” என்று கத்தினார். ஆடிப்பெருக்கன்று முதல் அத்தியாயத்தைத் தவறாமல் படிப்பவர், என் மேலுள்ள கோபத்தில் இந்த வருடம் புத்தகத்தைத் தொடவே இல்லை. பேப்பரைக்கூட ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார். “நீயே படிச்சுக் காட்டு, என்னதான் எழுதியிருக்கான்னு பாப்போம்” என்று குத்துகிறார். நான் இந்த நாவலைப் படிப்பது தவறா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தவறில்லை, படியுங்கள். நந்தினியே கல்கியின் கற்பனைதான். உங்கள் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர் சொத்துகளையும் பறிக்கச் சொல்கிறது. அதில் நந்தினி இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கல்கி, கல்லில் இல்லாதவளை உயிரோடு நடமாட விட்டார். அந்த உரிமை பின்னால் வருகிறவர்களுக்கும் உண்டு.

சரி, நாவல் பேச்சு போதும். அந்த ஜன்னலுக்கு வாருங்கள்.

நாவல் மேல் கோபம் உள்ளவர் பேப்பரை ஏன் கீழே வைக்கிறார்? அவருக்கு எழுத்து தெரியவில்லை, அம்மா. அப்பா வீம்பு பிடிக்கிறார் என்று எனக்கு வந்த எத்தனையோ கடிதங்களில், கடைசியில் காதோ கண்ணோதான் காரணமாக இருந்தது. “படிச்சுக் காட்டு” என்றது குத்தல் இல்லை. கண் தெரியவில்லை என்று மகளிடம் சொல்லக் கூச்சப்படுகிற மனிதர், வேறு எப்படிக் கேட்பார்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை நீங்கள் கவனிக்காதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. சூழ்ச்சிக்காரி என்கிறார்களே, அந்தக் குந்தவை, தஞ்சையில் தன் தந்தை சுந்தர சோழர் பெயரில் இருந்த ஆதுலர் சாலையின், அதாவது மருத்துவமனையின், மருத்துவருக்கு நிலம் விட்டவர். அதுவும் கல்வெட்டில் உள்ளதுதான். பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் வேலை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

இந்த வாரமே லீவு போடுங்கள். புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் வழியில் தவளக்குப்பத்திலேயே கண் மருத்துவமனை இருக்கிறது. புரையாக இருந்தால் ஆபரேஷன் செய்து சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் சில வாரங்கள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். அதை நீங்களே விடுங்கள். சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். முதலில், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த அத்தியாயம். இந்த ஆடிப்பெருக்குக்கு அவருக்குக் கிடைக்காமல் போனது அது. அப்புறம் உங்கள் நாவலை எடுங்கள். நடுவில் நிறுத்திக் கத்துவார். கத்தட்டும், நீங்களும் பதிலுக்குப் பேசுங்கள். பேசி முடித்ததும் விட்ட வரியிலிருந்து படியுங்கள்.