ஐந்து பேருக்குச் சோறாக்கியவர்

கேள்வி: மண்டபத்துக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். வயது 26. முதல் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது; தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். திருமணத்துக்கு முன் நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த எனக்கு இப்போது சாதாரணச் சொற்கள்கூட வாயில் வருவதில்லை. சென்ற வாரம் தூக்குவாளியை எடுத்துத் தரச் சொல்ல நினைத்து, பெயர் வராமல், ‘அது, அது’ என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றேன், கொழுந்தன் சிரித்துவிட்டார். அடுப்பில் வைத்த பால் இரண்டு முறை தீய்ந்துவிட்டது. படுக்கப் பத்தரை ஆகும். குழந்தை பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் எழும். இரண்டரைக்கு எழுந்தால் அப்படியே அடுப்பை மூட்டி, வள்ளத்துக்குப் போகும் கணவருக்குச் சோறும் குழம்பும் வைத்துக் கொடுப்பேன், அது ஒன்றும் பெரிய வேலையில்லை. பாசி எடுக்கப் போகும் மாமியார் பால்சுறாப் புட்டு செய்து கொடுத்து என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். கணவரும் நல்லவர், முன்பு விசைப்படகில் போனபோது ஐந்து பேருக்கு அவர்தான் சோறாக்குவாராம், அவர் வைக்கும் மீன்குழம்பை இன்றைக்கும் கூட்டாளிகள் சொல்வார்கள். பிள்ளை பெற்றால் மூளை தேய்ந்துவிடும் என்கிறார் நாத்தனார். என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அது ஆரம்பித்துவிட்டதா?

பதில்:

சகோதரிக்கு,

இதே கடிதம், கையெழுத்தும் ஊரும் மாறி, பல ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருக்கிறது. ‘எல்லாத் தாய்மாருக்கும் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நான்கு வரி எழுதினால் உங்கள் மனம் ஆறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் நாளை இரவும் இரண்டரை மணிக்கு நீங்கள்தான் அடுப்பை மூட்டுவீர்கள் என்பதும் தெரியும், ஆகையால் எழுத மாட்டேன்.

பாட்டியை விட்டுவிடுங்கள். முதுமையில் ஒருவரைப் பிடித்த நோயை 26 வயதில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தேடிப்போக வேண்டியதில்லை. நாத்தனார் சொன்னதற்கு மட்டும் ஒரு வார்த்தை. முதல் குழந்தை பெற்ற 25 பெண்களின் மூளையைக் கருத்தரிக்கும் முன்பும் பிரசவத்துக்குப் பின்பும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. சில பகுதிகளின் அளவு குறைந்திருந்தது உண்மைதான், ஆனால் அதே பெண்களுக்கு வைத்த நினைவாற்றல் சோதனையில் குறைவு எதுவும் தென்படவில்லை. ஆகவே பிள்ளை பெற்றதன் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட முடியாது. காரணத்தை உங்கள் வீட்டுக்குள்தான் தேட வேண்டும், அதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளுக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இரவு இரண்டரைக்கு எழுந்து கணவருக்குச் சோறாக்குவது பெரிய வேலையில்லை என்பது ஒன்று. அந்தக் கணவர் விசைப்படகில் ஐந்து பேருக்குச் சோறாக்கியவர் என்பது மற்றொன்று. கணவர் நல்லவர் என்பதற்குச் சான்றாக அந்த இரண்டாவது வரியைப் பெருமையோடு எழுதினீர்களே, எழுதும்போது முதல் வரி உங்கள் கண்ணில் படவில்லையா? ஆடுகிற படகில், உப்புக் காற்றில், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு ஐந்து ஆண்களின் பசியாற்றிய கைக்கு, தன் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு தூக்குவாளியில் தன் சோற்றைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாமல் போய்விட்டதா? தெரியும். நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள், அவர் படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தரைக்குப் படுத்துப் பன்னிரண்டரைக்கு எழுந்தால் இரண்டு மணி நேரம். பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டி, ஈரத்துணி மாற்றித் தூங்கவைத்து நீங்கள் தலை சாய்க்கும்போது ஒன்றேகால் ஆகியிருக்கும். அதிலிருந்து இரண்டரை வரை ஒன்றேகால் மணி நேரம். ஆக மொத்தம் மூன்றேகால் மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. அதற்குப் பிறகு நீங்கள் படுப்பதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. பகலில் கேட்டதும் பார்த்ததும் மனத்தில் தங்குவதற்கு மூளைக்கு ஆழ்ந்த தூக்கம் வேண்டும்; அது இல்லாதபோது சொல்லும் வழுக்கும். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவருடைய கவனமும் கைத்திறனும் மது அருந்தியவரின் அளவுக்கு இறங்கிவிடுவதை 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவர் கையில் உங்கள் கணவர் வள்ளத்தின் சுக்கானைக் கொடுப்பாரா? ஆனால் பிள்ளையையும் எரியும் அடுப்பையும் ஐந்து மாதமாக அந்த நிலையில் உள்ள உங்கள் கையில்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பால் இரண்டு முறை தீய்ந்ததை மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை எச்சரிக்கை என்று படிக்கிறேன். குழந்தையை மடியில் வைத்தபடி அடுப்பருகே ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாய்க்கு வராத அந்தச் சொல்லையும் பாருங்கள்: தூக்குவாளி. அரைத்தூக்கத்தில் தினமும் நீங்கள் சோறு நிரப்பி மூடும் அதே பாத்திரம்.

கடலுக்குப் போகிறவரை வயிறு காய அனுப்பக் கூடாது என்ற எண்ணம் நம் கடற்கரைப் பெண்களுக்கு இரத்தத்தில் ஊறியது; திரும்பி வருவார் என்ற உறுதி எந்த நாளிலும் இல்லாத தொழிலில் அந்த எண்ணத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் தெரியும். அவருக்கு விடை கொடுக்க எழுந்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை இரண்டரைக்கு எழும் நாளில் பால் கொடுத்தபடியே விடை கொடுங்கள், அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள். முதல்நாள் இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறும் சுட்ட கருவாடும் ஒரு வெங்காயமும் போதும். சுடுசோறுதான் வேண்டும் என்றால் ஆக்கத் தெரிந்தவர் ஆக்கிக்கொள்ளட்டும்.

நான் கூட்டுக்குடும்பத்தை நம்புகிறவள். தனிக்குடித்தனம் போங்கள் என்று எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை, உங்களுக்கும் எழுத மாட்டேன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் பிள்ளை பெற்றவள்தான் எல்லோரிலும் குறைவாகத் தூங்குகிறாள் என்றால், அந்த நான்கு பேரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதற்கு என்ன பொருள்? உங்கள் மாமியாரை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முகக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு பாறையிடுக்கில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்ணின் விரல்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கையால் உங்களுக்குப் புட்டும் அவித்துக் கொடுக்கிறார். ஆனால் சிரித்த கொழுந்தன் நாளையிலிருந்து தள்ளுவண்டியில் குடங்களை வைத்துத் தண்ணீர் பிடித்து வரட்டும்.

குற்றம் உங்களிடமும் இருக்கிறது. ‘பெரிய வேலையில்லை’ என்று எனக்கு எழுதிய நீங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். பெரிய வேலையில்லை என்று சொல்கிறவளின் கையிலிருந்து யாரும் அதை வாங்கமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ச் செய்து முடிப்பதில் ஒரு பெருமை இருக்கிறது, அந்தப் பெருமைக்கு உங்கள் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது. இன்னும் சில வாரங்களில் அவன் ‘ப்பா’, ‘ம்மா’ என்று ஒலி சேர்க்கத் தொடங்குவான். அவன் கற்கப்போகும் சொற்கள் பெரும்பாலும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியவை.

இனி செய்ய வேண்டியது. உங்கள் கடிதத்தை, நான் கோடு போட்ட வரிகளோடு, கணவரிடம் படிக்கக் கொடுங்கள். இரவில் பால் கொடுக்க மட்டுமே நீங்கள் தேவை; தட்டுவதையும் துணி மாற்றுவதையும் தூங்கவைப்பதையும் அவரும் மாமியாரும் பங்கிட்டுக்கொள்ளட்டும். மாலை ஏழரைக்கே பால் கொடுத்துவிட்டுப் படுங்கள். அடுத்த பால் வரைக்கும் யாரும் உங்களை எழுப்பக் கூடாது.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. அதிலும் சோர்வும் கவனக்குறைவும் வரும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் விழுங்க வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி உங்கள் கடிதத்தில் பேச்சே இல்லை, நிறுத்தியிருந்தால் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவமான நான்காம் மாதம் முதல் எட்டாம் மாதத்துக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவதுண்டு, அதிலும் இதே மறதி வரும். அந்தச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மறதியோடு காரணமில்லாத அழுகையோ, பிள்ளையிடம் ஒட்டாத மனமோ, வாழப் பிடிக்காத எண்ணமோ இருந்து அதை எனக்கு எழுதாமல் விட்டிருந்தால், இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் வர வேண்டும். அதை நீங்கள் எழுத வேண்டாம், உங்கள் கணவர் எழுதட்டும்: எந்தெந்த நாள் அவரே சோறாக்கிக்கொண்டு கடலுக்குப் போனார் என்பதையும், உங்கள் இரத்தப் பரிசோதனையில் என்ன அளவு வந்தது என்பதையும்.