அந்தக் கசெற்றை எறிய வேண்டாம்

ஐயா, கென்னடி சுடப்பட்டதைப் படம்பிடித்த சப்ரூடரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை அவர் விற்றது சரியா? எங்கள் அப்பா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது நாவற்குழியில் எடுத்த விஎச்எஸ் கசெற் ஒன்று வீட்டில் கிடக்கிறது. முந்தியே பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். இப்போது பூஞ்சணம் பிடித்துவிட்டது. எறியலாம்தானே?
வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

லைஃப் சஞ்சிகைக்கு 1,50,000 டொலருக்கு விற்றார். அதில் 25,000 டொலரை அன்று கொல்லப்பட்ட பொலிஸ்காரரின் குடும்பத்துக்காகக் கொடுத்தார். சரி பிழையை வேறு யாரும் பேசட்டும். உங்கள் கடைசி வரிதான் என்னைப் பதற வைத்தது.

சப்ரூடரின் 8 மில்லிமீற்றர் கமெரா, சுருளை இழுக்க அதன் ஓரத்தில் இருக்கும் பல்துளைகளுக்கு இடையிலும் காட்சியைப் பதித்தது. அன்றைக்கே டலஸில் மூன்று பிரதிகள் எடுத்தார்கள். பிரதிகளில் அந்த ஓரம் விழவில்லை. பிறகு சஞ்சிகைக்காரரின் கையில் மூலச்சுருள் சேதப்பட்டு, 208 முதல் 211 வரையான நான்கு பிரேம்கள் போயின. பிரதிகள் இருந்தபடியால் நடுப்படம் தப்பியது. அந்த நான்கின் ஓரப்படம் போனது போனதுதான்.

வாட்ஸ்அப்பில் போனதைப் பிரதி என்று சொல்லவே கூடாது. அது காட்சியை நசுக்கித்தான் அனுப்பும். மின்சாரமில்லாத, பற்றரிக்கே தடையிருந்த நாளில், எப்படியோ சார்ஜ் ஏற்றி, அந்தச் சனநெரிசலில் கமெராவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் உங்கள் அப்பா. அதை எறியலாமா என்று கேட்க எப்படி மனம் வந்தது?

முதல் வேலை, கசெற்றை ஓட்டும் கருவியான டெக்கில் போடாமல் இருப்பது. பூஞ்சணம் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். சுற்றுகள் ஒட்டிக்கிடந்தால் நாடா அறும். முதுகுப்பக்கத்துப் பிளாஸ்ரிக் காதை முறித்துவிடுங்கள், தவறுதலாகவும் மேலே எதுவும் பதியாது. மற்றக் கசெற்றுகளிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு சில கிழமை வையுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால், மாறியதும் புதிது போடுங்கள். வெயிலில் காயவைக்கவே வேண்டாம், நாடா நெளியும். நன்றாகக் காய்ந்தபின் வெள்ளைப் படிவு தூளாகும். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாவைத் துடைத்து, சுத்தமான கூட்டுக்கு மாற்றுவது கைபழகியவரின் வேலை. நீங்கள் தொடாதீர்கள்.

பிறகு நல்ல டெக்கில் ஓட்டி, நசுக்காத கோப்பாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். கசெற்றை நிமிர்த்தி, ஸ்பீக்கர் பெட்டிக்கு எட்டத்தில் வையுங்கள். அப்பா இருந்தால் பக்கத்தில் இருத்தி, எந்த நாள், எங்கே நின்று எடுத்தார், முகங்களில் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். மாரி தொடங்க முன் ஜெல்லையாவது வாங்கிப் போட்டுவிடுங்கள்.