ஜெயிக்கும்போது மட்டும் ஏன் 'இரும்மா'?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இணையத்தில் செஸ் ஆடுவான். ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போகிறான் என்று இரண்டு மூன்று தடவை தற்காலிகத் தடை போட்டார்கள். போன மாதம், கம்ப்யூட்டர் உதவியோடு ஆடினான் என்று செஸ்.காமில் கணக்கையே மூடிவிட்டார்கள். அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் பாதி ஆட்டத்தில்கூட லேப்டாப்பை மூடிவிட்டு ஓடி வருவான். ஜெயிக்கிற மாதிரி இருந்தால்தான் 'இரும்மா' என்பான். இப்போதைக்கு அவன் அப்பா தன் மெயிலில் வேறு கணக்கு திறந்து கொடுத்திருக்கிறார். பழைய கணக்கைத் திரும்ப வாங்க நான் எப்படி எழுத வேண்டும்?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: அந்த 'இரும்மா'வைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஜெயிக்கிறபோது எடுக்காத பசி, தோற்கிறபோது மட்டும் எப்படி எடுக்கிறது? உங்கள் குரல் அவனுக்கு நல்ல சாக்கு. நீங்களும் அதை அடக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். எதிரில் ஆடியவரோ கடிகாரத்தைப் பார்த்தபடி காத்துக் கிடக்கிறார். தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் கொடுத்தாலும் பாதியில் ஓடினாலும் குறைகிற ரேட்டிங் புள்ளி ஒன்றுதான். ஓடுவதில் மிச்சமாவது, 'தோற்றாய்' என்பதைத் திரையில் பார்க்காமல் இருப்பது மட்டுமே.

அதைப் பார்க்கவே முடியாத பிள்ளைக்கு அடுத்த படி போனில் ஸ்டாக்ஃபிஷ், அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் எஞ்சின். ஒரே ஒரு நல்ல ஆட்டத்தை வைத்துக் கணக்கை மூட மாட்டார்கள். பல ஆட்டங்களின் நகர்த்தல்களை எஞ்சினோடு ஒப்பிடுவார்கள், நேரத்தையும் பார்ப்பார்கள். வெட்டின காய்க்குப் பதில் வெட்ட ஒரு நொடி போதும். சிக்கலான நிலையில் ஒரு நிமிடம்கூடப் போதாது. இரண்டுக்குமே ஏழெட்டு நொடி எடுத்தால் சந்தேகம் வராதா?

சின்னப் பையன்தானே என்று விடாதீர்கள். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன், 12 வயதிலும் 16 வயதிலும் இணையத்தில் ஏமாற்றியதாக 2022-இல் தானே ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சு இன்னும் அவரை விடவில்லை. அதே விவகாரத்தில், நீமனிடம் தோற்றதும் போட்டியைப் பாதியில் விட்டுப் போன அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சனுக்கும், ஆள் யார் என்று பார்க்காமல், 2023-இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 10,000 யூரோ அபராதம் போட்டது.

எனக்குக் கோபம் உங்கள் கணவர்மேல்தான். தடையைத் தாண்ட வேறு கணக்கு திறப்பதும் விதிமீறல், அதையும் மூடுவார்கள். பிள்ளைக்கு ஒளிய இடம் காட்டுவது தகப்பன் வேலையா? இன்றைக்கே, பையன் பார்க்க, அவரே அந்தக் கணக்கை மூடட்டும்.

கடிதம் நீங்கள் எழுதக் கூடாது. அவன் எழுத வேண்டும். செய்திருந்தால் 'செய்தேன்' என்று ஒரு வரி. ஒப்புக்கொள்கிறவர்கள் புதிதாகத் தொடங்க செஸ்.காம் இடம் கொடுப்பதுண்டு. செய்யவில்லை என்றால் அதை மட்டும் எழுதட்டும், குடும்பப் பெருமை வேண்டாம்.

ஆளுக்குப் பத்து நிமிட ஆட்டம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் 7.35-க்குமேல் புது ஆட்டம் கிடையாது. நடுவில் நீங்களும் கூப்பிடாதீர்கள். லேப்டாப் ஹாலில், போன் வேறு அறையில். தோற்ற ஆட்டம் ஒன்றைத் தினமும் பலகையில் வைத்து, எங்கே தப்பு செய்தோம் என்று முதலில் அவனே தேட வேண்டும். எஞ்சின் அதற்குப் பிறகுதான். 'ரேட்டிங் எவ்வளவு?' என்ற கேள்வி வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

திரும்பவும் பாதியில் ஓடினால் ஒரு மாதம் இணைய ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மாவட்டப் போட்டிக்கு அனுப்புங்கள். அங்கே தோற்றவனும் கை கொடுத்து, நகர்த்தல்களைக் குறித்த ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.