தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு, போதைப் பழக்கமும் உள்ள நோயாளிகளை மருத்துவமனையில் எப்படிக் கவனிப்பார்கள்?

அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் உடம்பைத்தான் பார்ப்பார்கள். மூச்சு, ரத்த அழுத்தம், காயம். இதில் பெரிதாகத் தப்பு நடப்பதில்லை. தப்பெல்லாம் எங்கள் வாயில்தான். நான் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்குக் கையில் தையல் போட, மரத்துப்போகும் ஊசியை எடுத்துவைத்தேன். "தானே பண்ணிக்கிட்டதுதானே, ஊசி எதுக்கு?" என்றார் சீனியர். பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஊசி போட்டுத்தான் தைத்தோம். ஆனாலும் பிறகு மனநல மருத்துவர் வந்து எவ்வளவு கேட்டும் அவன் வாயே திறக்கவில்லை.

குடிக்கிறவர்களிடம், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று வந்த உடனே கேட்டு எழுதிவிட வேண்டும். தினமும் குடித்தவருக்கு வார்டில் படுத்ததும் குடி சட்டென்று நின்றுபோகிறதே! 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் சிலருக்குப் புத்தி தடுமாறும். ஒருவர் மூன்றாம் நாள் ராத்திரி, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தார். "நடிக்கிறான்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். நடிப்பே இல்லை, கவனிக்காவிட்டால் உயிரே போகும். டயசெபாம், லோரசெபாம் மாதிரி மருந்தை அளவு பார்த்துக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. "குடியை விட்டுட்டு வரட்டும்" என்பார்கள் மனநலப் பிரிவில். "சாகணும்னு சொல்றவரை இங்கே வைக்க முடியாது" என்பார்கள் போதை மீட்புப் பிரிவில். நடுவில் ஆளைப் பந்தாடுவார்கள். குடிக்க வைத்ததும் காயப்படுத்திக்கொள்ள வைத்ததும் பல பேருக்கு ஒரே வேதனைதான். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். போதை இறங்கியதும் தனியாக உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் ரொம்ப ஆபத்தானவை. அதனால் அடுத்து எந்தத் தேதியில், யாரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டிவைக்கச் சொல்லி, துணைக்கு வந்தவரிடமும் பேசி அனுப்ப வேண்டும். கேட்டவர் நீங்களே அந்த நிலையில் இருந்தால், குடித்திருக்கிறோமே என்று தயங்காதீர்கள். அப்படியே கிளம்பி வந்துவிடுங்கள்.

அந்தப் பையனுக்குச் சீட்டு எதுவும் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.