போட்டிகளில் பரிசு வாங்காத 13 வயதுப் பையனின் முயற்சிகளுக்கு அங்கீகாரம் கிடைக்குமா?

மகன் போட்டி என்றாலே ஒதுங்கிவிடுகிறான், ஆனால் ஒரு விஷயத்தைத் தானாகப் பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் விடாமல் செய்கிறான், இதற்கெல்லாம் சான்றிதழ் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக வழிகாட்டியாக இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச விருது என்று ஒன்று இருக்கிறது. 1956-ல் பிரிட்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. 14 வயதிலிருந்து 24 வரை சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். வெண்கலத்துக்குக் குறைந்தது 6 மாதம் ஆகும். சேவை, உடற்பயிற்சி, ஏதாவது ஒரு திறமை, இந்த மூன்றையும் வாரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதம் 3 மாதம் செய்ய வேண்டும். அதில் ஒன்றை மட்டும் இன்னும் 3 மாதம் தொடர வேண்டும். அப்புறம் குழுவாக இரண்டு பகல், ஓர் இரவுப் பயணம். யாரையும் முந்த வேண்டியதில்லை. தொடங்கும்போது எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான், அவ்வளவுதான் கணக்கு. உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்காகவே செய்தது போல இருக்கும்.

என்னிடம் திக்குவாய் உள்ள ஒரு பையன் இருந்தான். சேவைக்கு அவனாகவே தேர்ந்தெடுத்தது, முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது. நான் எதுவும் சொல்லவில்லை. முதல் வாரக் குறிப்பில் "போனேன். படித்தேன்" என்று மட்டும் இருந்தது. பின்னால் ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தான்: "தாத்தா பாதியில் தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை, பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்." எந்தப் பேச்சுப் போட்டி நடுவரும் இதற்கு மார்க் போட்டிருக்க முடியாது. எனக்கு அந்தக் குறிப்பேட்டை மூடவே மனம் வரவில்லை.

உங்கள் மகனுக்கு இப்போது 13தான், ஆனாலும் 14 ஆகும்வரை சும்மா காத்திருக்க வேண்டாம். சாரணர் இயக்கத்தில் இதைவிடச் சின்ன வயதிலேயே சேர்ந்து, திறமைக்கு ஒரு பேட்ஜ் என்று வாங்கத் தொடங்கலாம். அதில் விருப்பமில்லை என்றாலும் சரி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எவ்வளவு நேரம், என்ன செய்தான், எது வரவில்லை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். அதுதான் அடுத்த வார இலக்கைக் காட்டும்.

இலக்கை மட்டும் அவனே வைக்கட்டும். பெற்றோர் வைத்த இலக்கு இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும், பாதியில் விட்டுவிடுவான். "நீச்சலில் முன்னேறுவேன்" என்று எழுதினால், "நிற்காமல் எத்தனை சுற்று?" என்று கேளுங்கள், போதும். நோட்டில் கையெழுத்து நீங்கள் போடாதீர்கள். பயிற்சியாளரோ ஆசிரியரோ, அவன் செய்வதை நேரில் பார்க்கும் வெளியாள் ஒருவர் போடட்டும். கூடவே இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மா அப்பா பாராட்டினால் அவன் பாதிதான் நம்புவான்.